கொள்கலன் படிமக் களஞ்சியங்களில் அணுகல் சான்றுகளின் வரலாறு

கொள்கலன் படிமம் என்பது ஒரு மென்பொருளையும் அது இயங்கத் தேவையான கோப்புகளையும் ஒன்றாகக் கட்டிய பொதி ஆகும். கப்பலில் ஏற்றும் கொள்கலனை நினைத்தே இப்பெயர் இடப்பட்டது. திருப்பூர்ப் பின்னலாடை தூத்துக்குடித் துறைமுகத்திற்குச் செல்லும்போது லாரியும் கப்பலும் பெட்டியை மட்டுமே கையாள்கின்றன. உள்ளே பனியனா சட்டையா என்பது அவற்றுக்குத் தேவையில்லை. படிமத்தை இயக்கும் கணினியின் நிலையும் அதுவே. படிமங்களைச் சேமித்து வழங்கும் வழங்கி, படிமக் களஞ்சியம் எனப்படும். நிறுவனத்தின் தனிக் களஞ்சியத்திலிருந்து யார் படிமத்தை இறக்கலாம், யார் ஏற்றலாம் என்பதைத் தீர்மானிப்பவை அணுகல் சான்றுகள். ஏற்றும் உரிமை அயலார் கைக்குப் போனால், அங்கிருந்து படிமம் எடுக்கும் வழங்கிகள் அவர்கள் எழுதிய நிரலை இயக்க நேரிடும்.

2013 மார்ச்சில் சாலமன் ஹைக்ஸ் டாக்கர் மென்பொருளை அறிமுகப்படுத்தினார். பயனர் ஒருமுறை உள்நுழைந்தால் அவரது பெயரும் கடவுச்சொல்லும் கணினியில் ஒரு கோப்பில் பதிவாயின. அவை பேஸ்64 முறையில் எழுதப்பட்டன. இது மறையாக்கம் அன்று. எழுத்துகளை வேறு வடிவில் எழுதுவது மட்டுமே. கோப்பைப் படிக்க முடிந்த எவரும் கடவுச்சொல்லை நொடியில் மீட்கலாம். கடவுச்சொல்லை இயங்குதளத்தின் பாதுகாப்புப் பெட்டகத்தில் வைக்கும் வசதி 2016இல் வந்தது.

2015 ஏப்ரலில் வெளிவந்த டாக்கர் 1.6 பதிப்பும் புதிய களஞ்சிய மென்பொருளும் டோக்கன் முறையைக் கொண்டுவந்தன. இதைத் திருப்பூர் வழக்கைக் கொண்டு எளிதில் விளக்கலாம். துணி நிட்டிங்கிலிருந்து சாயப்பட்டறைக்கும், அங்கிருந்து காம்பேக்டிங், பிரிண்டிங் யூனிட்டுகளுக்கும் போகிறது. ஒவ்வொரு முறையும் எந்தத் துணி, எத்தனை கிலோ, யாருக்கு என்று எழுதிய டெலிவரி சலான் உடன் செல்லும். யாரும் குடோன் சாவியைக் கொடுத்தனுப்புவதில்லை. கடவுச்சொல் குடோன் சாவி, டோக்கன் சலான். களஞ்சியம் முதல் கோரிக்கையை மறுத்து, டோக்கன் தரும் வழங்கியைக் காட்டும். அங்கு பெறும் டோக்கனில் எந்தப் படிமத் தொகுப்பு, இறக்கவா ஏற்றவா என்ற விவரம் இருக்கும். காலவரை குறிக்கப்படாவிட்டால் அது 60 நொடிகளுக்கே செல்லும். ஆயினும் டோக்கன் வாங்கக் கடவுச்சொல் வேண்டியிருந்ததால், சாவி பயனரின் கணினியிலேயே கிடந்தது.

2015 டிசம்பரில் தொடங்கிய அமேசானின் களஞ்சியச் சேவை, உள்நுழைவுச் சான்றையே 12 மணி நேரத்தில் காலாவதியாக்கியது. விஎம்வேர் உருவாக்கிய ஹார்பர், மனிதர்களின் கணக்குகளிலிருந்து பிரித்து இயந்திரங்களுக்கென ரோபோ கணக்குகளை 2019இல் சேர்த்தது.

அதே ஆண்டு ஏப்ரல் 25 அன்று, டாக்கர் ஹப் தரவுத்தளம் ஒன்றில் அயலார் நுழைந்தது கண்டறியப்பட்டது. சுமார் 1,90,000 கணக்குகளின் விவரங்கள் வெளிப்பட்டிருக்கக்கூடும் என்று அறிவிக்கப்பட்டது. கடவுச்சொற்கள் ஹாஷ் வடிவில் இருந்தன. தானியங்கிப் படிம உருவாக்கத்திற்காகப் பயனர்கள் ஒப்படைத்திருந்த கிட்ஹப், பிட்பக்கெட் டோக்கன்களே பெரிய கவலை. அவை வழியாக மூல நிரல்களுக்கே போய்விடலாம். பாதிக்கப்பட்ட டோக்கன்கள் செல்லாதவையாக்கப்பட்டன. கடவுச்சொல்லுக்குப் பதில் பயன்படுத்தும் தனி அணுகல் டோக்கன்கள் டாக்கர் ஹப்பில் அவ்வாண்டே அறிமுகமாயின.

களஞ்சியத்தைப் பூட்டினாலும் சான்று படிமத்திற்குள்ளேயே தங்கிவிடுவதுண்டு. படிமம் அடுக்கடுக்காக அமைவது இதற்குக் காரணம்: ஓர் அடுக்கில் நகலெடுத்த சாவிக் கோப்பை அடுத்த அடுக்கில் அழித்தாலும், முந்தைய அடுக்கில் அது அப்படியே இருக்கும். 2021இல் கோட்கவ் நிறுவனத்தின் நிரலை அயலார் மாற்றியதும், அதன் டாக்கர் படிமத்தை உருவாக்கும் முறையில் இருந்த பிழையால் கசிந்த சான்றைக் கொண்டே. ஜெர்மனியின் ஆஹன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023இல் 3,37,171 படிமங்களைச் சோதித்தபோது, 8.5 விழுக்காட்டில் இரகசியச் சாவிகள் கிடைத்தன. படிமம் கட்டும் வேளையில் மட்டும் சாவியைக் காட்டி, எந்த அடுக்கிலும் பதியாமல் விடும் வசதி 2018இல் வெளிவந்த டாக்கர் 18.09 பதிப்பிலேயே இருந்தது.