'யெஸ்' வந்த கதை

ரெண்டு வருஷம் முன்னாடி, ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். ராத்திரி ஊருக்குப் போக பஸ் டிக்கெட் எடுத்தாச்சு. கிளம்புற அவசரத்துல டெஸ்டிங் டேட்டாபேஸோட பெயர்ல இருந்த ஒரு எழுத்துப்பிழையைத் திருத்திட்டு 'டெராஃபார்ம் அப்ளை'ன்னு தட்டினேன். கூடவே 'ஆட்டோ அப்ரூவ்'. அதாவது, என்னை ஒண்ணும் கேட்காதே, செஞ்சுட்டுப் போய்க்கிட்டே இருன்னு அர்த்தம்.

பெயரை மாத்தணும்னா பழசை அழிச்சுட்டுப் புதுசா கட்டணும். அதுவும் அப்படியே செஞ்சுது. டெஸ்டர் ஒருத்தங்க ஒரு வாரமா உட்கார்ந்து ஏத்தின டேட்டா மொத்தமும் காலி. பேக்கப்பும் கிடையாது. அவங்க என்னைத் திட்டக்கூட இல்லை, அதுதான் இன்னும் வலிச்சுது. பஸ்ஸும் போச்சு.

அந்த வார இறுதியில மனசுல ஓடினது ஒரே கேள்விதான். 'இதைச் செய்யப்போறேன், சரியா?'ன்னு கேட்கிற பழக்கத்தை இந்தக் கருவிகளுக்கு யார் கத்துக்கொடுத்தாங்க? கொஞ்சம் கொசுவத்தி சுத்துவோம் மக்களே.

1976, அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடம். ஸ்டீவ் ஜான்சன் ஒரு காலைப்பொழுது முழுக்க ஒரு நிரலில் பிழை தேடித் தவிக்கிறார். பிழையை ஏற்கனவே திருத்தியாச்சு, ஆனா அந்தக் கோப்பை மறுபடி கம்பைல் பண்ணலை! இந்தப் புலம்பலைக் கேட்ட ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதினதுதான் 'மேக்'. எது எதைச் சார்ந்திருக்குன்னு நாம எழுதி வச்சா, எதை மறுபடி செய்யணும்னு அதுவே கண்டுபிடிச்சுக்கும். அதுல 'மைனஸ் என்'ன்னு ஒரு ஆப்ஷன் உண்டு. எந்தெந்தக் கட்டளையை ஓட்டும்னு சொல்லும், ஓட்டாது. நம்ம கதையோட விதை அதுதான்.

அடுத்து 1993, நார்வே. ஆஸ்லோ பல்கலைக்கழகத்தில் இயற்பியல் ஆய்வு செய்துகொண்டிருந்த மார்க் பர்ஜஸ் தலையில் யூனிக்ஸ் பொட்டிகளைப் பராமரிக்கிற வேலையும் விழுந்தது. ஒவ்வொரு பொட்டியிலும் வேறவேற யூனிக்ஸ். ஷெல் ஸ்கிரிப்ட் எழுதினா 'அது சோலாரிஸா இருந்தா இப்படி, வேறயா இருந்தா அப்படி'ன்னு நீண்டுக்கிட்டே போகும். அதோட, 'இந்த வரியைச் சேர்'ங்கிற ஸ்கிரிப்ட்டை ரெண்டு தடவை ஓட்டினா வரியும் ரெண்டு தடவை விழும். அவர் யோசனையைத் திருப்பிப் போட்டார். என்ன செய்யணும்னு சொல்லாதே, முடிவில் எப்படி இருக்கணும்னு சொல்லு. 'இந்த வரி இருக்கணும்'னு சொன்னா எத்தனை தடவை ஓட்டினாலும் ஒரு வரிதான். அப்படிப் பிறந்தது சிஎஃப்எஞ்சின். அதுலயும் 'மைனஸ் என்' உண்டு. 2005-ல் வந்த பப்பெட்டில் அதுக்கு 'நோ-ஆப்'ன்னு பேரு.

ஆனா அந்தக் காலத்துல தப்பு நடந்தா ஒரு கோப்பு கெட்டுப்போகும், பொட்டி அதே இடத்துலதான் இருக்கும். 2006-ல் அமேசான் மேகத்தில் கணினிகளை வாடகைக்கு விட ஆரம்பிச்சதும் கதை மாறிப்போச்சு. ஒரு கட்டளையில் பொட்டி பிறக்கும், இன்னொரு கட்டளையில் செத்தும் போகும். அமேசானின் கிளவுட்ஃபார்மேஷன் 2011-ல் வந்தது. என்ன மாறும்னு முன்கூட்டியே காட்டும் 'சேஞ்ச் செட்' அதுக்கு 2016-ல்தான் கிடைச்சுது.

நடுவுல, 2014 ஜூலையில் மிட்செல் ஹஷிமோட்டோவும் அர்மோன் தட்கரும் தொடங்கிய ஹஷிகார்ப் நிறுவனம் டெராஃபார்மை வெளியிட்டது. மத்த கருவிகளில் ஓரமா ஒரு ஆப்ஷனா இருந்தது இங்கே 'ப்ளான்'ங்கிற தனிக் கட்டளையாச்சு. அந்தத் திட்டத்தைக் கோப்பாவே சேமிச்சு, பார்த்ததை மட்டும் செய்யச் சொல்லலாம்.

இங்கேதான் எனக்கு ஆச்சரியம். ஆரம்பத்துல 'அப்ளை'ன்னு தட்டினா கேள்வியே கிடையாது, நேரா காரியம்தான்! ப்ளான் பார்த்தியா இல்லையாங்கிறது உன் பாடு. 2017 நவம்பரில் வந்த 0.11 பதிப்பிலிருந்துதான் அப்ளை திட்டத்தைக் காட்டிட்டு, 'யெஸ்'ன்னு முழுசா தட்டினாத்தான் நகரும்னு மாத்தினாங்க. வெறும் 'ஒய்' செல்லாது. 2023-ல் உரிமத்தை மாத்தினப்போ சண்டை வந்து ஓபன்டோஃபு தனியா பிரிஞ்சுது. 2025-ல் ஹஷிகார்ப் ஐபிஎம் கைக்குப் போச்சு. ரெண்டு வீட்டுலயும் அந்தக் கேள்வி மட்டும் அப்படியே இருக்கு.

1976-ல் போட்ட விதை கேள்வியா முளைக்க 41 வருஷம். அதை நான் ஒரே ஆப்ஷன்ல வாயடைச்சுட்டேன்.

இப்பல்லாம் என் பொட்டியில ஆட்டோ அப்ரூவுக்கு இடமில்லை. ப்ளானோட கடைசி வரியில் மூணு எண் வரும்: எத்தனை சேரும், எத்தனை மாறும், எத்தனை அழியும். மூணாவது எண் பூஜ்யமா இல்லைன்னா கீபோர்டுல இருந்து கையை எடுத்துடுவேன். ஒரு டீ குடிச்சுட்டு வந்து, மேலிருந்து வரிவரியா படிச்சப்புறம்தான் 'யெஸ்'.

டிஸ்கி: வெள்ளிக்கிழமைன்னா அதுவும் கிடையாது. திங்கட்கிழமை பார்த்துக்கலாம்.