உறங்கி விழித்த தீவு

நாமக்கல் கோட்டைமலை எரிமலையா என்று மாணவர்கள் கேட்பதுண்டு. அல்ல, அது பூமியின் ஆழத்தில் உருவாகி, மேலடுக்குகள் அரிக்கப்பட்டபின் வெளிப்பட்ட பாறை.

உயிருள்ள எரிமலையைக் காண அந்தமானுக்குச் செல்ல வேண்டும். ஸ்ரீ விஜய புரத்திலிருந்து (முன்னாள் போர்ட் பிளேர்) சுமார் 135 கி.மீ. தொலைவில், வெயில் மின்னும் நீலக்கடலில் நிற்கிறது பாரன் தீவு. இந்தியப் பாறைத்தட்டு பர்மாத் தட்டின் அடியில் புகுவதால், ஆழத்தில் பாறை உருகி இங்கு மேலெழுகிறது.

1787இல் இது பொங்கியதற்குப் பதிவு உண்டு. 19ஆம் நூற்றாண்டில் அடங்கி, ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு உறங்கியது. அவிந்துவிட்டதோ என்று எண்ணத் தோன்றிய அம்மலை 1991இல் மீண்டும் வெடித்தது. 2017 ஜனவரியில் கோவாவின் தேசியக் கடலாய்வு நிலையத்தார், பகலில் சாம்பல் மேகத்தையும் இரவில் செங்குழம்பு சீறுவதையும் கப்பலிலிருந்து கண்டனர்.

சுற்றுலாப் பயணிகளும் கப்பலில் இருந்தபடியேதான் பார்க்கலாம். மனிதருக்கு நெடிய அந்த மௌனம், பூமிக்குச் சற்றுக் கண்ணயர்ந்த நேரமே!