மிளகும் மிளகாயும்

பிளாவில் ஊற்றிய ஒடியல் கூழ் உதட்டில் பட்டதுமே கண்ணில் நீர் வரும். "என்ன உறைப்பு!" என்றுகொண்டே இன்னொரு வாய் குடிப்போம். ஊர்காவற்றுறை, நயினாதீவு, நெடுந்தீவு எங்கும் கூழுக்குச் செத்தல் மிளகாய் அரைத்துக் கரைக்க வேண்டும். எங்கட பாட்டன் பூட்டன் காலத்துச் சமையல் என்கிறோம். எத்தனையாவது பூட்டன் என்பதுதான் கேள்வி.

1344இல் இலங்கை வந்த இப்னு பதூதா ஆரியச் சக்கரவர்த்தியின் விருந்தினராக இருந்தார். அரசனுக்குப் பாரசீகம் விளங்கியதென்றும் எழுதினார். அந்த விருந்தில் மிளகாய் இருந்திருக்க முடியாது. அது அமெரிக்கக் கண்டத்துச் செடி. கொலம்பஸ் அங்கே போன பிறகே, 16ஆம் நூற்றாண்டில், போர்த்துக்கேயக் கப்பல்களில் இந்தப் பக்கம் வந்தது. அதுவரை உறைப்புக்கு மிளகு, திப்பிலி, இஞ்சிதான்.

மொகதிஷுவில் புளிக்காடியில் ஊறிய 'ஃபுல்ஃபுல்' கொத்துகளைச் சோற்றோடு பரிமாறியதையும் இப்னு பதூதா குறிக்கிறார். இன்றைய அரபியில் அச்சொல் மிளகாய்க்கும் வழங்குவதால், மொழிபெயர்ப்பவர் அசந்தால் அது மிளகாய் ஊறுகாயாகிவிடும்! அது பச்சை மிளகுக் கொத்து. நமது வாகட ஏடுகளைப் படிக்கும் மாணவர்களுக்கும் இதைச் சொல்லி வைக்க வேண்டும். மிளகாய் வரும் செய்யுள் அகத்தியர் பெயரில் இருந்தாலும் அந்த வரி போர்த்துக்கேயருக்கு முந்தியதல்ல.

புதிதாக வந்த காய்க்கு நாம் மிளகு என்ற பெயரோடு காயைச் சேர்த்தோம். அரபியர் செய்ததும் அதுவே. சிங்களத்து 'மிரிஸ்' மிளகைக் குறித்த பழைய சொல்தான். தெற்கிலும் கிழக்கிலும் நம்மவர் சொல்லும் கொச்சிக்காயில் கொச்சித் துறையின் பெயர் நிற்கிறது. போர்த்துக்கேயர் 1503இல் கோட்டை கட்டிய ஊர் அது. முஸ்லிம் வணிகரிடமிருந்து மிளகு வாணிகத்தைப் பறிக்கப் போரிட்டவர்களே மிளகுக்குப் போட்டியையும் ஏற்றி வந்தார்கள். 1619இல் யாழ்ப்பாணமும் அவர்கள் கையில் விழுந்தது.

மிளகும் மிளகாயும் செடியால் உறவில்லை. மிளகில் இருப்பது பைப்பரின். மிளகாயில் இருப்பது கப்சைசின். இப்பெயரை 1876இல் திரெஷ் என்ற ஆங்கிலேயர் இட்டார். கப்சைசின் நரம்பில் எதைப் பற்றுகிறது என்பதை 1997இல் டேவிட் ஜூலியஸின் குழு கண்டது. 2021இல் அவருக்கு நோபல் பரிசு. அந்த ஏற்பி ஏறக்குறைய 43 பாகைக்கு மேற்பட்ட சூட்டையும் உணர்த்துவது. வாய் வெந்ததாகத் தோன்றுவது அதனால்தான். பைப்பரினும் அதே ஏற்பியைத் தூண்டுகிறது. செடியைப் பார்த்தால் தவறான பெயர். நாக்கைக் கேட்டால் சரியான பெயர்.

கப்சைசின் மிகுதியாக இருப்பது, பலர் நினைப்பதுபோல் விதையில் அல்ல. விதை ஒட்டியிருக்கும் வெள்ளைத் தசையில். தண்ணீரில் அது கரையாது, கொழுப்பில் கரையும். கூழ் உறைத்தால் செம்பு செம்பாய்த் தண்ணி குடிச்சும் போகாது. முதற்பால் விட்ட சொதி ஒரு வாய் குடித்தால் தணியும்.