பிரைட்டன் கால்பந்துக் கழகத்தின் மைதானத் தேடல்

இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள பிரைட்டன் அண்ட் ஹோவ் ஆல்பியன் கழகம் 1997 முதல் 2011 வரை சொந்த மைதானம் இல்லாமல் ஆடிவந்தது. புதிய மைதானத்துக்கு உரிய இடம் இரண்டே ஆண்டுகளில் முடிவாகிவிட்டது. அங்கே கட்டிக்கொள்ள அனுமதி வாங்குவதற்குத்தான் மேலும் எட்டு ஆண்டுகள் பிடித்தன. பிரைட்டனின் தெற்கே கடல், வடக்கே சவுத் டவுன்ஸ் சுண்ணக்கல் குன்றுகள். நடுவில் நெருக்கிக் கட்டப்பட்ட அந்நகரில் பெரிய மைதானம் ஒன்றுக்குக் காலியிடம் கிடைப்பது அரிது.

கழகம் 1902 முதல் ஹோவ் பகுதியிலுள்ள கோல்ட்ஸ்டோன் மைதானத்தில் ஆடியது. கடன் சுமையைக் காரணம் காட்டி நிர்வாகம் 1995-இல் அதை ஒரு நிலவணிக நிறுவனத்துக்கு விற்றது. மாற்று மைதானம் எதுவும் கையில் இல்லாமல் நடந்த விற்பனை அது. 1996 ஏப்ரலில் யார்க் சிட்டிக்கு எதிரான ஆட்டத்தின்போது ரசிகர்கள் களத்துக்குள் இறங்கி கோல் கம்பங்களை முறித்தனர். ஆட்டம் பாதியில் கைவிடப்பட்டது. 1997 ஏப்ரல் 26 அன்று டான்காஸ்டர் ரோவர்ஸை 1-0 என வென்றதோடு கோல்ட்ஸ்டோன் மூடப்பட்டது. அந்த இடத்தில் இப்போது கடைவளாகம் இருக்கிறது. ஒரு வாரம் கழித்து ஹெரஃபோர்டில் 1-1 எனச் சமன் செய்ததால், லீக்கிலிருந்தே வெளியேறும் ஆபத்திலிருந்து கழகம் மயிரிழையில் தப்பியது.

அடுத்த இரண்டு பருவங்கள் சுமார் 70 மைல் தொலைவிலுள்ள கில்லிங்ஹாமில் கழிந்தன. சொந்த ஊர் ஆட்டம் என்பது பெயரளவில்தான்; அதைப் பார்க்கவும் ரசிகர்கள் பயணம் போகவேண்டியிருந்தது. டிக் நைட் தலைமையிலான புதிய நிர்வாகம் 1999-இல் அணியை ஊருக்குத் திருப்பி அழைத்துவந்தது. ஆனால் கிடைத்தது வித்டீன் என்ற நகராட்சித் தடகள அரங்கம். ஆடுகளத்தைச் சுற்றி ஓடுபாதை, பெரும்பகுதிக்குக் கூரையில்லாத தற்காலிக இருக்கைகள். அக்கம்பக்கத்துக் குடியிருப்பாளர்களுக்காக, ஆட்ட நாளில் சுற்றுத் தெருக்களில் வண்டி நிறுத்தத் தடை இருந்தது. அதற்கு ஈடாக ரயில், பேருந்துக் கட்டணம் நுழைவுச்சீட்டிலேயே சேர்க்கப்பட்டது. தற்காலிக ஏற்பாடாக வந்த வித்டீன் பன்னிரண்டு பருவங்கள் நீடித்தது.

நிரந்தர இடமாகக் கழகம் தேர்ந்தது நகரின் வடகிழக்கு விளிம்பிலுள்ள ஃபால்மர். எதிரே சசெக்ஸ் பல்கலைக்கழகம், பக்கத்திலேயே ரயில் நிலையம், ஏ27 நெடுஞ்சாலை. 1999 மே மாதம் நகர மக்களிடம் நடந்த வாக்கெடுப்பில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேலானோர் ஆதரவு தெரிவித்தனர். நகர மன்றமும் 2002-இல் அனுமதி அளித்தது. ஆனால் அந்த நிலம் அரசு பாதுகாக்கும் இயற்கை எழில் பகுதிக்குள் இருந்ததால், முடிவு துணைப் பிரதமர் ஜான் பிரெஸ்காட்டின் மேசைக்குப் போனது. முதல் பொது விசாரணை பாதகமாக முடிந்தது. அவரோ உடனே மறுத்துவிடாமல், வேறு இடம் உண்டா என்பதை மட்டும் ஆராய இரண்டாவது விசாரணைக்கு உத்தரவிட்டார். ஷீப்கோட் பள்ளத்தாக்கு, டோட்ஸ் ஹோல் பள்ளத்தாக்கு, வாட்டர்ஹால், ஷோரம் துறைமுகம் என்று ஒவ்வொன்றாக அலசப்பட்டன.

ரசிகர்களும் சும்மா இருக்கவில்லை. ஃபால்மர் வேண்டும் என்று கேட்டு அவர்கள் வெளியிட்ட இசைத்தட்டு, 2005 ஜனவரியில் பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் 17-ஆம் இடத்தைப் பிடித்தது. கட்டட அனுமதிக்கான மனு ஒன்று பாட்டுப் பட்டியலில் ஏறியது இங்கிலாந்துக்கே புதுமையாக இருந்திருக்கும்.

2005 அக்டோபரில் பிரெஸ்காட் இசைவு தெரிவித்தார். அத்துடன் முடியவில்லை. மைதான வளாகத்தின் ஒரு துண்டு அண்டை மாவட்டமான லூயிஸின் எல்லைக்குள் வந்தது. லூயிஸ் மன்றம் நீதிமன்றத்தை நாடியது. அனுமதிக் கடிதத்தில் அந்த நிலம் நகரின் குடியிருப்பு எல்லைக்குள் இருப்பதாகத் தவறாகக் குறிப்பிடப்பட்டிருந்தது. ஒரு வாக்கியப் பிழைதான். ஆனால் 2006-இல் அனுமதியே ரத்தானது. பிழையைக் களைந்து ஆராய்ந்த பின், 2007 ஜூலையில் அமைச்சர் ஹேசல் பிளியர்ஸ் மறுபடி அனுமதி வழங்கினார்.

கட்டுமானம் 2008 டிசம்பரில் தொடங்கியது. மறு ஆண்டு தலைவர் பொறுப்பேற்ற டோனி ப்ளூம், 93 மில்லியன் பவுண்டு அளவிலான செலவுக்குப் பணம் கொடுத்தார். குன்றின் தோற்றம் கெடாதிருக்க ஆடுகளம் தரைமட்டத்துக்குக் கீழே தோண்டி அமைக்கப்பட்டது. வெட்டியெடுத்த சுண்ணக்கல்லை லாரிகளில் ஏற்றி வெளியே அனுப்பாமல் பக்கத்து வயலிலேயே பரப்பினர். 2011 ஆகஸ்ட் 6 அன்று நடந்த முதல் லீக் ஆட்டத்தில் எதிரணி மீண்டும் டான்காஸ்டர். பிரைட்டன் 2-1 என வென்றது. திறக்கும்போது 22,374 இருக்கைகள் இருந்தன. அவை போதாமல் போகவே, கூடுதலாக 8,000 இருக்கைகளுக்கு 2012 ஏப்ரலில் நகர மன்றம் ஒப்புதல் அளித்தது. வித்டீனில் தொடங்கிய பயணச்சீட்டு ஏற்பாட்டைக் கழகம் புதிய மைதானத்திலும் தொடர்ந்தது.