ஒரே மாநகராட்சி, வெவ்வேறு பள்ளிகள்: ஆண்டாப் ஹில் பகுதியில் தொடக்கக் கல்வியும் சமவாய்ப்பும் – ஒரு விளக்கம்

மும்பை: மும்பை மாநகராட்சி தனது பள்ளிகளில் ஒரு பகுதியை சி.பி.எஸ்.இ. உள்ளிட்ட பிற பாடத்திட்டங்களின்கீழ் ஆங்கிலவழியில் நடத்தி வருகிறது. எஞ்சிய பள்ளிகள் மராத்தி, இந்தி, உருது, குஜராத்தி, தமிழ், தெலுங்கு, கன்னடம், ஆங்கிலம் ஆகிய எட்டு மொழிகளில் மாநிலப் பாடத்திட்டத்தைப் பின்பற்றுகின்றன. இரு வகைப் பள்ளிகளுக்கும் நிர்வாகம் ஒன்றே, நிதி ஒன்றே. எனினும், எந்தக் குழந்தை எந்தப் பள்ளிக்குச் செல்கிறது என்பதையும், அங்கு எத்தனை ஆசிரியர்கள் இருப்பார்கள் என்பதையும் வெவ்வேறு விதிகள் தீர்மானிக்கின்றன. தமிழர்கள் கணிசமாக வாழும் ஆண்டாப் ஹில் பகுதியில் இந்த வேறுபாடு தெளிவாகத் தெரிகிறது.

ஆண்டாப் ஹில் பகுதியின் நிலை

ஆண்டாப் ஹில், மாநகராட்சியின் 'எஃப் வடக்கு' வார்டில் அமைந்துள்ளது. மாட்டுங்கா, சயான், வடாலா ஆகியவையும் இதே வார்டைச் சேர்ந்தவை. மத்திய அரசு ஊழியர்களுக்கான பெரிய குடியிருப்பு, குடிசைப் பகுதிகள், அடுக்குமாடிக் கட்டடங்கள் ஆகியவை இங்கு அருகருகே உள்ளன. இதனால் பள்ளி வாய்ப்புகளும் பல அடுக்குகளாகப் பிரிந்துள்ளன.

சயான் கோலிவாடாவில் உள்ள கேந்திரிய வித்யாலயா, பணியிட மாற்றத்திற்கு உட்பட்ட மத்திய அரசு ஊழியர்களின் குழந்தைகளுக்கு முன்னுரிமை அளிக்கிறது. காணே நகர், பிரதீக்ஷா நகர் ஆகிய இடங்களில் மாநகராட்சியின் சி.பி.எஸ்.இ. பள்ளிகள் உள்ளன. இவற்றுடன் மாநிலப் பாடத்திட்டத்தில் இயங்கும் மாநகராட்சிப் பள்ளிகளும், கட்டணம் வசூலிக்கும் தனியார் பள்ளிகளும் செயல்படுகின்றன. கட்டணம் செலுத்த இயலாத, மத்திய அரசுப் பணியில் இல்லாத ஒரு குடும்பத்துக்கு நடைமுறையில் எஞ்சுவது இருவகை மாநகராட்சிப் பள்ளிகளே.

நூறு ஆண்டுகளுக்கு முந்தைய முடிவு

தொடக்கக் கல்வி வழங்குவது மும்பை மாநகராட்சியின் விருப்பத்திற்கு விடப்பட்ட பணி அன்று. 1888-ஆம் ஆண்டின் மாநகராட்சிச் சட்டம், 61-ஆவது பிரிவில் இதைக் கட்டாயக் கடமைகளுள் ஒன்றாக வகுத்துள்ளது. பின்னர் 1920-இல் பம்பாய் நகரத் தொடக்கக் கல்விச் சட்டம் இயற்றப்பட்டது. அதன்படி 1925-இல் கட்டாயத் தொடக்கக் கல்வி முதலில் நடைமுறைக்கு வந்த இடங்கள் எஃப், ஜி ஆகிய இரு வார்டுகளே. இன்றைய ஆண்டாப் ஹில் எஃப் வடக்கு வார்டிலும், தாராவி ஜி வடக்கு வார்டிலும் உள்ளன.

கட்டாயக் கல்வி முதன்முதலில் நடைமுறைக்கு வந்த இவ்வட்டாரத்தில் இன்று எழும் கேள்வி பள்ளி இருக்கிறதா என்பது அன்று. அருகருகே உள்ள இரு அரசுப் பள்ளிகள் ஒரே தரத்தில் உள்ளனவா என்பதே இன்றைய கேள்வி.

'மும்பை பப்ளிக் ஸ்கூல்' திட்டம்

மாநகராட்சிப் பள்ளிகளில் மாணவர் எண்ணிக்கை குறைந்து வந்த சூழலில், 'மும்பை பப்ளிக் ஸ்கூல்' என்ற பெயரில் புதிய திட்டம் அறிமுகப்படுத்தப்பட்டது. முதற்கட்டமாக ஜோகேஸ்வரி பூனம் நகரில் சி.பி.எஸ்.இ. பள்ளியும், உல்லன் மில் பள்ளியில் ஐ.சி.எஸ்.இ. பாடத்திட்டமும் தொடங்கப்பட்டன. 2021-இல் மேலும் 10 சி.பி.எஸ்.இ. பள்ளிகள் திறக்கப்பட்டன. காணே நகர், பிரதீக்ஷா நகர், செம்பூர் அஜீஸ் பாக் ஆகியவை அவற்றுள் அடங்கும். பின்னர் மாட்டுங்காவின் எல்.கே. வாக்ஜி பள்ளியில் கேம்பிரிட்ஜ் பாடத்திட்டம் அறிமுகமானது.

பெற்றோரிடையே இத்திட்டத்துக்குக் கிடைத்த வரவேற்பு பெரிது. கட்டணமில்லாமல் ஆங்கிலவழி சி.பி.எஸ்.இ. கல்வி கிடைப்பது, வருமானத்தில் பெரும்பகுதியைத் தனியார் பள்ளிக்குச் செலுத்தி வந்த குடும்பங்களுக்கு உண்மையான நிவாரணம் ஆகும். தொடங்கிய ஆண்டிலேயே இடங்களைவிட விண்ணப்பங்கள் மிகுந்ததால் குலுக்கல் முறையில் சேர்க்கை நடைபெற்றது.

குலுக்கல் முறை ஏன்?

2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், சேர்க்கையின்போது குழந்தையையோ பெற்றோரையோ தேர்வு வைத்து வடிகட்டுவதை 13-ஆவது பிரிவில் தடை செய்கிறது. ஒரு குழந்தைக்கு மற்றொரு குழந்தையைவிட முன்னுரிமை தரும் எந்தத் தேர்வு முறையும் வடிகட்டலே என்று அச்சட்டம் வரையறுக்கிறது. சமவாய்ப்புள்ள தற்செயல் முறைக்கு மட்டுமே அதில் விலக்கு உண்டு. எனவே இடங்கள் போதாதபோது குலுக்கல் நடத்துவது சட்டத்துக்கு உகந்த வழியாகும். நுழைவுத்தேர்வு வைத்திருந்தால், வீட்டில் படித்தவர்கள் உள்ள குடும்பங்களே பயனடைந்திருக்கும்.

ஆயினும் குலுக்கல் சேர்க்கையில் மட்டுமே நீதி வழங்குகிறது. பெயர் வராத குழந்தை செல்லும் பள்ளியின் தரம் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. இரு பள்ளிகளும் ஏறத்தாழ இணையானவை என்றால், குலுக்கலின் முடிவு ஒரு குழந்தையின் எதிர்காலத்தைப் பெரிதாக மாற்றாது. இடைவெளி விரிய விரிய, ஐந்து வயதில் எடுக்கப்படும் ஒரு சீட்டின் மதிப்பும் கூடிக்கொண்டே போகும்.

ஆசிரியர் எண்ணிக்கை: விகிதம் மறைப்பது என்ன?

மாணவர் எண்ணிக்கைக்கு ஏற்ப ஆசிரியர் பணியிடங்களை நிர்ணயிக்கும் நடைமுறை மகாராஷ்டிரத்தில் 'சஞ்ச் மான்யதா' எனப்படுகிறது. இதற்கான குறைந்தபட்ச அளவு கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையில் உள்ளது. முதல் ஐந்து வகுப்புகளில் 60 குழந்தைகள் வரை இரண்டு ஆசிரியர்கள், 61 முதல் 90 வரை மூவர், 91 முதல் 120 வரை நால்வர், 121 முதல் 200 வரை ஐவர் இருக்க வேண்டும். 150 குழந்தைகளுக்கு மேல் இருந்தால் தலைமையாசிரியர் ஒருவரும் வேண்டும்.

இதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஒரு பள்ளியில் வகுப்புக்கு 40 பேர் வீதம் ஐந்து வகுப்புகளில் 200 குழந்தைகள் உள்ளனர் என்று கொள்வோம். அங்கு ஐந்து ஆசிரியர்களும் தலைமையாசிரியர் ஒருவரும் இருப்பார்கள். அருகில் உள்ள தமிழ்வழிப் பள்ளியில் ஐந்து வகுப்புகளிலும் சேர்த்து 60 குழந்தைகள் உள்ளனர் என்றால், சட்டப்படி இரண்டு ஆசிரியர்கள் போதும். விகிதத்தைப் பார்த்தால் தமிழ்வழிப் பள்ளியில் 30 பேருக்கு ஓர் ஆசிரியர். முதற்பள்ளியில் 40 பேருக்கு ஓர் ஆசிரியர். ஆவணத்தில் சிறிய பள்ளியின் நிலையே மேலானதாகத் தோன்றும். வகுப்பறையிலோ, ஐந்து வகுப்புகளை இரண்டு ஆசிரியர்கள் பகிர்ந்துகொள்ள வேண்டும். ஒரு வகுப்புக்குப் பாடம் நடக்கும்போது மற்றவை காத்திருக்கும்.

இதில் சட்ட மீறல் ஏதும் இல்லை. ஆனால் பாதிப்பு உண்டு. ஆசிரியர் குறைவால் பெற்றோர் குழந்தைகளை வேறு பள்ளிக்கு மாற்றுகின்றனர். எண்ணிக்கை மேலும் சரிவதால் அடுத்த ஆண்டு பணியிடமும் குறைகிறது. இறுதியில் பள்ளி மற்றொன்றுடன் இணைக்கப்படும் நிலை வருகிறது. மராத்தி, இந்திவழிப் பள்ளிகளுக்கு மாற்றாசிரியர்களை நகரின் வேறு பகுதிகளிலிருந்து எளிதில் அனுப்ப இயலும். பள்ளிகளும் ஆசிரியர்களும் குறைவாக உள்ள தமிழ், தெலுங்கு, கன்னடவழிப் பிரிவுகளில் ஒருவர் ஓய்வு பெற்றாலே வெற்றிடம் பெரிதாகிறது. அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் 10 சதவீதத்துக்கு மேல் காலியாக இருக்கக் கூடாது என்று அதே சட்டத்தின் 26-ஆவது பிரிவு கூறுகிறது.

தாய்மொழிக் கல்வி பற்றிச் சட்டம் கூறுவது

மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்க நிலையில் தாய்மொழிவழிக் கல்விக்குப் போதிய வசதி அளிக்க முயல வேண்டும் என்பது அரசியலமைப்பின் 350-ஏ பிரிவு. 1956-இல் சேர்க்கப்பட்ட இப்பிரிவு, மாநில அரசுடன் ஒவ்வொரு உள்ளாட்சி அமைப்பையும் பெயரிட்டுக் குறிப்பிடுகிறது. எனவே இப்பொறுப்பு மாநகராட்சிக்கும் நேரடியாக உண்டு. கல்வி உரிமைச் சட்டத்தின் 29-ஆவது பிரிவும், நடைமுறைக்கு இயன்ற அளவு தாய்மொழியே பயிற்றுமொழியாக இருக்க வேண்டும் என்கிறது.

'முயல வேண்டும்', 'இயன்ற அளவு' என்னும் சொற்கள் நிர்வாகத்துக்கு நெகிழ்வு தருகின்றன. அந்த நெகிழ்வுக்குள்தான் பள்ளி இணைப்பும், பாடத்திட்ட மாற்றமும், பணியிடக் குறைப்பும் நிகழ்கின்றன. ஆங்கிலவழியைத் தேர்வு செய்யும் தமிழ்ப் பெற்றோரின் விருப்பமும் மதிக்கப்பட வேண்டியதே. மும்பையில் மேற்படிப்பும் வேலைவாய்ப்பும் தமிழில் இல்லை என்ற நடைமுறை அறிவே அவர்களை வழிநடத்துகிறது. ஆனால் தமிழ்வழிப் பள்ளியில் ஆசிரியர் இல்லாததால் ஆங்கிலவழிக்குச் செல்வது விருப்பத் தேர்வு ஆகாது.

பிற இடங்களின் அனுபவம்

அரசுப் பள்ளிகளுக்குள்ளேயே தனித் தகுதி பெற்ற பள்ளிகளை உருவாக்குவது மும்பைக்கு மட்டும் உரியது அன்று. 1986-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையை ஒட்டி நவோதயா பள்ளிகள் தேர்வு அடிப்படையில் ஆறாம் வகுப்பில் மாணவர்களைச் சேர்க்கத் தொடங்கின. தமிழ்நாட்டில் 2012-13 கல்வியாண்டு முதல் அரசுப் பள்ளிகளில் ஆங்கிலவழிப் பிரிவுகள் பரவலாக்கப்பட்டன. 2022 செப்டம்பரில் அங்கு 26 தகைசால் பள்ளிகளும் 15 மாதிரிப் பள்ளிகளும் தொடங்கி வைக்கப்பட்டன.

இத்திட்டங்களின் ஆதரவாளர்கள், நல்ல அரசுப் பள்ளிக்கு ஓர் எடுத்துக்காட்டை உருவாக்கினால் மற்றவை பின்தொடரும் என்கின்றனர். சிறந்த ஆசிரியர்களும் அக்கறை மிக்க பெற்றோரும் ஒரே இடத்தில் குவிவதால் மற்ற பள்ளிகள் மேலும் பின்தங்கும் என்பது விமர்சகர்களின் வாதம். எது நிகழும் என்பதை, நிதியும் ஆசிரியர்களும் மற்ற பள்ளிகளுக்கும் சென்று சேர்கின்றனவா என்பதே தீர்மானிக்கும்.

முடிவெடுப்பவர் யார்?

மாநகராட்சியின் 2025-26 கல்வி நிதிநிலை அறிக்கை சுமார் ரூ.3,955 கோடி மதிப்புடையது. சீருடை, காலணி, குறிப்பேடுகள் உள்ளிட்ட 27 வகைப் பொருள்கள் மாநகராட்சிப் பள்ளி மாணவர்களுக்கு இலவசமாக வழங்கப்படுகின்றன. இவ்வகையில் ஓரளவு சமநிலை ஏற்கெனவே உள்ளது. புதிய பாடத்திட்டப் பள்ளி எங்கு அமையும், எந்தப் பள்ளி எதனுடன் இணையும் என்பன போன்ற முடிவுகளிலேயே வேறுபாடு உருவாகிறது.

இத்தகைய முடிவுகளை விவாதிக்கும் மன்றம், மாமன்ற உறுப்பினர்கள் இடம்பெறும் கல்விக் குழு ஆகும். 2022 மார்ச்சில் மாமன்றத்தின் பதவிக்காலம் முடிந்தது. 2026 ஜனவரியில் தேர்தல் நடைபெறும் வரை மாநகராட்சி நிர்வாகியின் பொறுப்பில் இருந்தது. புதிய பள்ளிகள் பெருகிய அக்காலத்தில், வார்டு மக்களின் சார்பில் கேள்வி எழுப்பத் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர் எவரும் இல்லை.

பெற்றோருக்கு உள்ள வழிகள்

பள்ளி அளவில் முதல் வாய்ப்பு பள்ளி மேலாண்மைக் குழு ஆகும். அதன் உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும். பள்ளி வளர்ச்சித் திட்டத்தைத் தயாரிப்பதும், நிதிச் செலவைக் கண்காணிப்பதும் இக்குழுவின் பணிகள். வகுப்புகளின் எண்ணிக்கைக்கு ஏற்ற ஆசிரியர் தேவையை அத்திட்டத்தில் எழுத்து மூலம் பதிவு செய்யலாம்.

ஒவ்வொரு பள்ளியின் ஆசிரியர் எண்ணிக்கை, வகுப்பறைகள், கழிப்பறைகள் பற்றிய விவரங்கள் 'யு-டைஸ் பிளஸ்' தரவுத்தளத்தில் கிடைக்கின்றன. அதில் இல்லாதவற்றைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்டுப் பெறலாம். 30 நாள்களுக்குள் பதில் அளிக்கப்பட வேண்டும்.

குறை தீராவிட்டால், கல்வி உரிமைச் சட்டத்தின் 32-ஆவது பிரிவின்படி உள்ளாட்சி அமைப்பிடம் எழுத்து மூலம் புகார் அளிக்கலாம். மூன்று மாதங்களுக்குள் அது முடிவெடுக்க வேண்டும். அம்முடிவை எதிர்த்து மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்தில் மேல்முறையீடு செய்ய இயலும்.

புகாரில் கேட்கப்பட வேண்டிய கேள்வி எளிமையானது. காணே நகர்ப் பள்ளியின் ஒரு வகுப்புக்கு ஓர் ஆசிரியர் என்றால், அதே வார்டில் அதே மாநகராட்சி நடத்தும் தமிழ்வழி வகுப்புக்கு எத்தனை ஆசிரியர்? மாணவர் விகிதத்தைக் காட்டும் பதில் இக்கேள்விக்குப் போதாது. வகுப்பு வாரியான கணக்கை எழுத்து மூலம் பெற்றால்தான் இரு பள்ளிகளையும் உண்மையாக ஒப்பிட முடியும்.