பிளாட்டியாவில் கழுவிய கல், தாதப்பட்டியில் நட்ட கல்

ஒலிம்பஸ் மலை, அதில் குடியிருக்கும் பன்னிரு தெய்வங்கள், சியூஸின் இடி, பொசைடனின் சூலம். கிரேக்கரின் சமயம் என்றதும் நம் நினைவுக்கு வருபவை இவைதாம். இவை காவியங்களும் சிற்பங்களும் நமக்குத் தந்த படம். ஒரு சாதாரணக் கிரேக்கக் குடியானவன் ஆண்டு முழுவதும் யார் யாருக்குப் பலி கொடுத்தான் என்று தேடினால் வேறொரு படம் தெரிகிறது. ஏதென்ஸை அடுத்த தோரிக்கோஸ் என்னும் ஊரில், எந்த மாதம் யாருக்கு எந்த விலங்கு என்று கல்லில் வெட்டி வைத்த பலி அட்டவணை கிடைத்திருக்கிறது. அதில் சியூஸும் அதீனாவும் உண்டு. அவர்களோடு கெஃபலோஸ், புரோக்ரிஸ், ஊரின் பெயரையே தாங்கிய தோரிக்கோஸ் என்று, அந்த மண்ணில் வாழ்ந்து மறைந்ததாக மக்கள் நம்பியவர்களுக்கும் படையல் இருக்கிறது. கிரேக்க வழிபாட்டின் வேர் மலையுச்சியில் இருந்ததைவிட ஊர் எல்லையில், இறந்தவர்களின் கல்லருகில்தான் ஆழமாக ஓடியது என்பது என் கருத்து. அதைப் புரிந்துகொள்ள திண்டுக்கல் சமவெளியில் வாழும் நமக்கு வேறெவரையும்விட நல்ல வாய்ப்பு இருக்கிறது.

வலுவான சான்று பியோஷிய நாட்டின் பிளாட்டியா என்னும் ஊரிலிருந்து வருகிறது. கி.மு. 479-இல் பாரசீகப் படையைக் கிரேக்கர் அங்கே முறியடித்தனர். மாண்ட வீரர்களுக்கு ஆண்டுதோறும் நடந்த சடங்கை, ஏறக்குறைய அறுநூறு ஆண்டுகள் கழித்து, அதே பியோஷிய நாட்டைச் சேர்ந்த புளூடார்க் எழுதிவைத்தார். தம் காலத்திலும் அது நிற்காமல் நடப்பதாகச் சொல்கிறார். விடியலில் எக்காளம் முழங்க ஊர்வலம் புறப்படும். வண்டிகளில் மாலைகள், பின்னால் ஒரு கறுப்புக் காளை, ஜாடிகளில் மதுவும் பாலும் எண்ணெயும் நறுமணத் தைலமும். ஆண்டின் மற்ற நாள்களில் இரும்பைத் தொடவே கூடாத ஊர்த் தலைவர் அன்று மட்டும் செவ்வாடை உடுத்தி வாளேந்தி வருவார். ஊற்றில் நீர் மொண்டு நடுகற்களைத் தம் கையாலேயே கழுவி, தைலம் பூசுவார். பிறகு காளையை வெட்டி, மாண்ட வீரர்களை விருந்துக்கும் குருதிக்கும் வருமாறு அழைப்பார். கடைசியில் மதுவைக் கலந்து அவர்களுக்காக வார்ப்பார்.

இதைப் படிக்கும் தமிழருக்கு விளக்கவுரை தேவையில்லை. புறநானூற்றின் 329-ஆம் பாட்டு, சிற்றூரின் பக்கத்தில் நிற்கும் நடுகல்லுக்கு நாள்தோறும் பலியூட்டி, நீராட்டி, நெய்ப்புகை காட்டியதைப் பேசுகிறது. அகநானூற்றின் 35-ஆம் பாட்டில் மயிற்பீலியும் கள்ளும் ஆட்டுப்பலியும் வருகின்றன. தொல்காப்பியம் கல் நடும் சடங்கை ஆறு படிகளாகப் பகுத்து, நீராட்டுவதை அவற்றுள் ஒன்றாக வைக்கிறது. இவை வெறும் புலவர் கற்பனையல்ல என்பதற்கு மண்ணே சாட்சி. 2006-இல் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வைகைச் சமவெளியில் தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த நடுகற்களைக் கண்டறிந்தனர். மூன்று கற்கள் இன்றைய தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் கிடைத்தன. இன்னொன்று நம் திண்டுக்கல் மாவட்டத்துத் தாதப்பட்டியில் கிடைத்தது. கிறிஸ்து பிறப்பதற்கு முந்தையவை என்று அவற்றைக் கணித்தார்கள். புலிமான்கோம்பைக் கற்களில் ஒன்று, கூடலூரில் ஆநிரை கவர்ந்த பூசலில் இறந்த அந்தவன் என்பவனின் பெயரைச் சுமந்து நிற்கிறது. கோட்டை பிடித்தவனுக்கோ நாடு ஆண்டவனுக்கோ அல்ல, மாட்டுக்காக நடந்த சண்டையில் விழுந்த ஒருவனுக்கு அந்த எழுத்து.

யவனர் கப்பலேறி இங்கே வந்தவர்கள்தாமே, அவர்களிடமிருந்து நாமோ நம்மிடமிருந்து அவர்களோ இதைக் கற்றிருக்கலாமே என்று சிலர் சொல்வார்கள். காலக்கணக்கு இதற்கு ஒத்துவரவில்லை. பழைய கல்லறைகளில் கிரேக்கர் படையல் வைக்கத் தொடங்கியது கி.மு. 8-ஆம் நூற்றாண்டிலேயே பரவலாகிவிட்டது. நம் பக்கம் நடுகல்லுக்கு முன்னோடியாக இரும்புக்கால ஈமக்காடுகளின் நெடுங்கற்கள் இருக்கின்றன. யவன வணிகம் இங்கே செழித்தது இவ்விரண்டுக்கும் வெகுகாலம் பிந்தி. வணிகர் மதுச்சாடியும் பொற்காசும் கொண்டுவந்து மிளகு ஏற்றிப்போனார்கள். இறந்தவனை எப்படிக் கும்பிடுவது என்பதை யாரும் சரக்காக ஏற்றியதற்குத் தடயமில்லை.

இன்னொரு மறுப்பு கனமானது. கிரேக்க வீரத்தெய்வத்துக்கான பலியில் குருதியைக் குழியில் வடித்து, இறைச்சியை முழுவதும் எரித்துவிடுவார்கள், யாரும் உண்ணமாட்டார்கள் என்றே அறிஞர்கள் நெடுங்காலம் எழுதிவந்தார்கள். அப்படியானால் கிடா வெட்டிச் சொந்தபந்தத்தோடு உண்ணும் நம் கருப்பணசாமி கோயில் விருந்துக்கும் அதற்கும் ஒட்டே இல்லை. ஆனால் சுவீடன் அறிஞர் குன்னல் எக்ரோத் கல்வெட்டுகளையும் நூல்களையும் ஒவ்வொன்றாகச் சரிபார்த்து 2002-இல் வெளியிட்ட ஆய்வு இந்த எண்ணத்தை மாற்றியது. முழுதும் எரிப்பது அரிதான வழக்கம். பெரும்பாலும் வெட்டிய விலங்கைக் கூடியிருந்தவர்கள் பங்கிட்டு உண்டார்கள்.

வீரத்தெய்வம் என்றால் நல்லவன் என்ற கட்டாயமும் இரு பக்கமும் இல்லை. அஸ்டிபாலையா தீவின் குத்துச்சண்டை வீரன் கிளியோமிடிஸ் ஒலிம்பியாவில் எதிராளியைக் கொன்றதால் பரிசை இழந்தான். புத்தி பேதலித்து ஊர் திரும்பியவன், பள்ளிக்கூடத்தின் தூணைச் சாய்த்ததில் சுமார் அறுபது பிள்ளைகள் மாண்டார்கள். ஊரார் துரத்த, கோயில் பெட்டிக்குள் ஒளிந்து மாயமாக மறைந்தான் என்கிறது பௌசானியாஸ் என்னும் பண்டைய எழுத்தாளர் பதிந்த கதை. அவனுக்குப் பலி கொடுங்கள் என்று டெல்ஃபியிலிருந்த குறிகேட்கும் கோயில் சொன்னது. கதைப்படி மாறுகால் மாறுகை வாங்கப்பட்ட மதுரை வீரனுக்கு நம் ஊர்களில் பூசை நடப்பதன் பின்னணியும் இதுவே. கொடுஞ்சாவு செத்தவனுக்கு வலிமை கூடுகிறது. அதை ஊர் தன் பக்கம் திருப்பிக்கொள்ளப் பார்க்கிறது.

வேறுபாடு ஒன்று எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. கிரேக்கருக்குச் சக்தி எலும்பில் இருந்தது. கி.மு. 475 வாக்கில் சைமன் என்ற தளபதி ஸ்கைரோஸ் தீவிலிருந்து ஏதென்ஸின் பழங்கதை வீரன் தீசியஸின் எலும்புகள் என்று சொல்லி ஏதென்ஸுக்குக் கொண்டுவந்தபோது நகரமே திரண்டு வரவேற்றது. நம் மரபில் கல்லைத் தேடிக் கண்டு, எடுத்து, நீராட்டி, பெயர் பொறித்து நட்டால் போதும். உடல் எங்கே விழுந்தது என்பது தடையில்லை. இதனால் நம் தெய்வம் குடிபெயர்ந்த மக்களோடு ஊர் விட்டு ஊர் போக முடிந்தது. எலும்பையும் கல்லறையையும் நம்பிய தெய்வத்துக்கு அது அத்தனை எளிதில்லை.

அரசின் கை இரண்டின்மீதும் விழுந்தது. கி.பி. 392-இல் பேரரசர் தியோடோசியஸின் ஆணை பலிகளைத் தடைசெய்தது. அதன்பின் கிரேக்க ஊர்களின் படையல்கள் மெல்ல அற்றுப்போயின. தமிழ்நாட்டில் கோயில்களில் உயிர்ப்பலியைத் தடுக்கும் சட்டம் 1950-இல் வந்தது. அதை 2003-இல் அரசு கடுமையாக நடைமுறைப்படுத்த முனைந்ததும் கிராமங்களிலிருந்து எதிர்ப்பு கிளம்பியது. 2004-இல் அந்தச் சட்டமே திரும்பப் பெறப்பட்டது.