அடிக்மெட்டில் எழுந்த கலாசாலை

ஹைதராபாத் நகருக்குச் செல்லும் நம்மவர் பெரும்பாலும் சார்மினாரையும் மக்கா மஸ்ஜிதையும் ஸாலார்ஜங் காட்சிச் சாலையையும் கண்டு திரும்பிவிடுகின்றனர். நகரின் கிழக்கே, அடிக்மெட் என்னும் இடத்தில், இளஞ்சிவப்புக் கருங்கல்லால் எழுந்து நிற்கும் உஸ்மானியாப் பல்கலைக்கழகக் கலைக் கல்லூரியைப் போய்ப் பார்ப்போர் மிகச் சிலரே. பார்ப்பவரும் அதன் வாயில் வளைவின் உயரத்தை வியந்து திரும்புகின்றனரேயன்றி, அது எதற்காகக் கட்டப்பட்டது என்று கேட்பதில்லை. அந்தக் கேள்வியை நாம் கேட்டுப் பார்ப்போம்.

அந்நாளில் ஹைதராபாத்தின் உயர்கல்வி நம் சென்னையோடு பிணைந்திருந்தது. நிஜாம் கல்லூரி 1887 முதல் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்திருந்தமையால், அங்குப் பயின்றோர் சென்னையின் தேர்வையே எழுதினர், அதுவும் ஆங்கிலத்தில். அந்நிய மொழியில் கற்கும் மாணவனின் ஆற்றலெல்லாம் மொழியோடு போராடுவதிலேயே கழிந்துவிடுகிறது. பொருளை உணர்வதற்கு எஞ்சுவது சிறிதே. இக்கருத்தை வற்புறுத்தி, அரசின் உயர் அலுவலராக இருந்த அக்பர் ஹைதரி 1917-இல் நிஜாம் மீர் உஸ்மான் அலீ கானிடம் ஒரு விண்ணப்பத்தைச் சமர்ப்பித்தார். அவ்வாண்டு ஏப்ரல் 26-இல் ஃபர்மான் பிறந்தது. இந்திய மொழியொன்றைப் பயிற்று மொழியாகக் கொண்ட முதல் நவீனப் பல்கலைக்கழகம் இவ்வாறு உருவாயிற்று. அம்மொழி உருது.

இங்கே ஒரு செய்தி கருதத்தக்கது. பல்கலைக்கழகம் தொடங்குவோர் முதலில் செங்கல்லையும் சுண்ணாம்பையும் தேடுவதே உலக வழக்கம். உஸ்மானியாவை நிறுவியோரோ முதலில் நூல்களைத் தேடினர். 1917-இலேயே ‘தாருத் தர்ஜுமா’ என்னும் மொழிபெயர்ப்பகம் நிறுவப்பட்டு, மௌலவி அப்துல் ஹக் அதன் பொறுப்பை ஏற்றார். வரலாறு, தத்துவம், கணிதம், வேதியியல், மருத்துவம் என நூற்றுக்கணக்கான நூல்கள் உருதுவில் ஆக்கப்பட்டன. புலவரும் துறை வல்லுநரும் ஒருங்கமர்ந்து, ஒவ்வொரு சொல்லாக வழக்காடி, கலைச்சொற்களை முடிவு செய்தனர். தமிழில் கலைச்சொல்லாக்கத்துக்கு உழைத்த பெருமக்களை அறிந்த நமக்கு அவ்வுழைப்பின் கடுமை புரியும்.

1919 ஆகஸ்டில் வகுப்புகள் தொடங்கியபோது மாணவர் 225 பேர். ஆசிரியர் 25 பேர். சொந்தக் கட்டடம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. நகருக்குள் கிடைத்த இல்லங்களிலேயே பாடம் நடந்தது.

நிலையான வளாகத்துக்கு இடம் காணும் பொறுப்பு நகரமைப்பு அறிஞர் பேட்ரிக் கெடிஸிடம் வந்தது. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த அவர் 1914 முதலே இந்திய நகரங்களைச் சுற்றி ஆராய்ந்துகொண்டிருந்தார். ‘முதலில் ஆராய்க, பிறகு வரைக’ என்பது அவர் கொள்கை. 1923-இல் உஸ்மானியா குறித்துத் தம் அறிக்கையை அளித்தார். எருசலேமில் அமையவிருந்த எபிரேயப் பல்கலைக்கழகத்துக்கு 1919-இல் திட்டம் வரைந்தவரும் இவரே என்பதை நம்முள் அறிந்தோர் குறைவு.

அறிக்கைக்கும் அடிக்கல்லுக்கும் இடையே பதினோர் ஆண்டுகள் ஓடின. அவை வீணாகிவிடவில்லை. ஸெய்யித் அலீ ரஸா, ஜைன் யார் ஜங் என்னும் கட்டடக் கலைஞர் இருவரை அரசு வெளிநாடுகளுக்கு அனுப்பியது. அமெரிக்கா வரை சென்று அங்குள்ள வளாகங்களை அவர்கள் கண்டு வந்தனர். வரைபடம் ஆக்கியவர் பெல்ஜிய நாட்டவரான எர்னஸ்ட் ஜாஸ்பர். கெய்ரோவையடுத்த ஹீலியோபோலிஸ் நகரில் அவர் கட்டிய பெரும் விடுதிதான் பிற்காலத்தில் எகிப்து அதிபரின் மாளிகையாயிற்று. 1934 ஜூலை 5-இல் நிஜாம் அடிக்கல் நாட்டினார். ஜாஸ்பர் நீங்கிய பின் ஜைன் யார் ஜங் பணியை நடத்தினார். 1939 டிசம்பர் 4-இல் கலைக் கல்லூரி திறக்கப்பட்டது.

அக்கட்டடத்தின் முகப்பு வளைவு கெய்ரோவின் சுல்தான் ஹஸன் பள்ளிவாசலை நினைவூட்டுவது. தூண்களும் அவற்றின் தலைப்பகுதிகளும் தக்காணத்துக் குடைவரைகளை நினைவூட்டுவன. அராபியமும் தக்காணமும் ஒரே சுவரில் முரணின்றிக் கூடி நிற்கின்றன. ஆயிரம் ஏக்கருக்கும் மேற்பட்ட வளாகத்தில் மாணவர் விடுதிகளும் பிற கல்லூரிகளும் அடுத்தடுத்து எழுந்தன. பொறியியற் கல்லூரி தன் நிலையான கட்டடத்துக்கு 1947-இல் குடிபுகுந்தது.

கல்லில் கண்ட இந்த இணக்கம் கல்வியில் இருந்ததா? நாம் நேர்மையாக விடை சொல்ல வேண்டும். ஹைதராபாத் மக்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் தெலுங்கு பேசினர். மராத்தியும் கன்னடமும் பேசினோர் பலர். உருதுவைத் தாய்மொழியாகக் கொண்டோர் பத்தில் ஒருவர் அளவே. அந்நிய மொழிச் சுமை என்று ஹைதரி எதைச் சுட்டினாரோ, அதே சுமை தெலுங்குச் சிறுவனின் தோளில் வேறொரு பெயரில் ஏறிற்று. அம்மொழிகள் பாடங்களாக இருந்தன; பயிற்று மொழிகளாக அல்ல. 1938-இல் விடுதிகளில் வந்தே மாதரம் பாடத் தடை விதிக்கப்பட்டபோது நூற்றுக்கணக்கான மாணவர் வெளியேற்றப்பட, நாகபுரிப் பல்கலைக்கழகம் அவர்களுக்கு இடம் தந்தது. கலைக் கல்லூரி திறப்பு விழாவுக்கு ஓராண்டு முன்னர் நடந்தது இது. சுல்தான் ஹஸன் பள்ளிவாசலில் நான்கு மத்ஹபுகளுக்கும் தனித்தனி மத்ரஸாக்கள் உண்டு. அதன் வளைவைக் கொண்டுவந்தவர்கள் அந்த ஏற்பாட்டையும் கொண்டுவந்திருக்கலாம் என்றே நமக்குத் தோன்றுகிறது.

1948 செப்டம்பரில் ஹைதராபாத் இந்திய ஒன்றியத்தோடு இணைக்கப்பட்டது. அதன் பின் பயிற்று மொழி மாறியது. உருதுவின் இடத்துக்கு வந்தது தெலுங்கன்று, மராத்தியன்று, கன்னடமுமன்று. எந்த மொழியின் சுமையை இறக்க இப்பல்கலைக்கழகம் பிறந்ததோ அந்த ஆங்கிலமே. பெரும்பான்மையோர் அன்புகொள்ள வழியில்லாத ஏற்பாட்டைக் காக்க முன்வந்தோர் சிலரே. ஆயினும், மருத்துவமும் பொறியியலும் இந்திய மொழியில் கற்பிக்க இயலாதவை என்போர்க்கு, உஸ்மானியாவின் முப்பதாண்டு வரலாறு இன்றளவும் மறுமொழியாக நிற்கின்றது.

அப்பல்கலைக்கழகம் ஈன்ற மக்களுள் அல்லாமா முஹம்மது ஹமீதுல்லாஹ்வை மறக்க இயலாது. அங்குப் பயின்று, அங்கேயே பன்னாட்டுச் சட்டம் பயிற்றிய அவர், 1948-இல் ஹைதராபாத்தின் பொருட்டு அயல்நாடு சென்றவர் பின்னர் ஊர் திரும்பவேயில்லை. பாரிஸில் தங்கித் திருக்குர்ஆனைப் பிரெஞ்சு மொழியில் ஆக்கினார், 2002-இல் மறைந்தார்.

கட்டடங்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. பிரிட்டிஷ் ரெசிடென்சி மாளிகை 1949-இல் பல்கலைக்கழகத்தின் மகளிர் கல்லூரிக்கு இல்லமாயிற்று. அரபுச் சுவடிகளைப் பதிப்பிக்கும் ‘தாயிரத்துல் மஆரிஃப்’ வளாகத்திலேயே தன் பணியைத் தொடர்ந்தது. 2009-இல் தெலங்கானா கோரிய மாணவர்கள் திரண்டது கலைக் கல்லூரியின் முன்னேதான். எந்தப் பிள்ளைகளின் மொழிக்கு அங்கு முன்னர் உரிய இடம் தரப்படவில்லையோ, அவர்களின் பேரப்பிள்ளைகள் அந்தப் படிகளைத் தமதாக்கிக்கொண்டனர்.

உருதுவில் உயர்கல்வி கற்பிக்க அதே நகரில் 1998-இல் மௌலானா ஆஸாத் தேசிய உருதுப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டபோது, அதற்கான வளாகம் நகரின் மறு கோடியில், கச்சிபௌலியில், புதிதாகவே அமைக்கப்பட்டது. அடிக்மெட்டின் அருகிலுள்ள புகைவண்டி நிலையத்துக்கு மட்டும் பழைய பெயரே நிலைத்திருக்கிறது: ஜாமிஆ உஸ்மானியா.